பண்டைய எகிப்தின் சமூகப் படிநிலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டைய எகிப்து பற்றிய பாடம் என்றாலே புத்தகத்தில் ஒரு முக்கோணப் படம் இருக்கும். உச்சியில் பாரோ (எகிப்தின் அரசர்), அவருக்குக் கீழே தலைமை அமைச்சர், பூசாரிகள், எழுத்தர்கள், படைவீரர்கள், கைவினைஞர்கள், உழவர்கள், கடைசியில் அடிமைகள். மூவாயிரம் வருட வரலாற்றை அந்த ஒரே படத்துக்குள் அடைத்ததில் நிறைய விஷயங்கள் விடுபட்டுப் போயின. கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் எழுகின்றன. கீழே வரும் உதாரணங்களில் பல, புதிய அரசுக் காலத்தைச் (சுமார் கி.மு. 1550 முதல் 1070 வரை) சேர்ந்தவை. எளிய மக்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் அந்தக் காலத்துக்குத்தான் அதிகம் கிடைத்திருக்கின்றன.

அந்த முக்கோணப் படம் சரியா, தவறா?

மேல்பகுதி சரி. நாடும் நிலமும் கொள்கையளவில் அரசருடையவை. பெரிய பதவிகளை அவரே கொடுத்தார், அவரே பறித்தார். ஆனால் கீழே வர வர அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 12ஆம் அரசமரபின் தொடக்கத்தில் (சுமார் கி.மு. 20ஆம் நூற்றாண்டில்) வாழ்ந்த ஹெகாநக்த் என்பவரைப் பாருங்கள். அவர் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் பூசாரி. கூடவே நிலம் வைத்துப் பயிர் செய்தார், குத்தகைக்கும் நிலம் பிடித்தார், தானியம் கடன் கொடுத்தார். வெளியூரிலிருந்து வீட்டுக்கு அவர் அனுப்பிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. வீட்டில் யார் யாருக்கு எவ்வளவு தானியம் என்று ஆள்வாரியாக எழுதி, வெளியே மக்கள் பசியில் வாடுகிறார்கள், கொடுத்ததைக் கொண்டு சமாளியுங்கள் என்று கண்டிக்கிறார். இவரைப் பூசாரி வரிசையில் வைப்பதா, உழவர் வரிசையில் வைப்பதா?

அந்தக் காலத்தில் நாணயம் கிடையாது. சம்பளம், வரி, வாடகை எல்லாம் தானியம், ரொட்டி, பீர், துணி என்றுதான் போய் வந்தன. அதனால் ஒருவர் எந்த அடுக்கு என்று கேட்பதைவிட, அவருக்குத் தானியம் யாருடைய களஞ்சியத்திலிருந்து வந்தது, அதை அளந்து கொடுக்கும் இடத்தில் அவர் இருந்தாரா, வாங்கும் இடத்தில் இருந்தாரா என்று கேட்டால் அவருடைய நிலை சீக்கிரம் விளங்கும் என்பது என் கருத்து. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் பலவும் அந்தக் களஞ்சியத்தைச் சுற்றித்தான் வரும்.

பாரோவை மக்கள் உண்மையாகவே கடவுளாக நினைத்தார்களா?

பதவி தெய்வீகமானது. அரசர் பூமியில் பருந்துத் தலைக் கடவுள் ஹோரஸ், சூரியக் கடவுள் ராவின் மகன். அவர் இருந்தால்தான் நைல் ஒழுங்காகப் பெருகும், உலகம் ஒழுங்காக நடக்கும் என்ற நம்பிக்கை ஆழமாக இருந்தது. ஆனாலும் வயிறு காய்ந்தபோது அந்தப் பயபக்தி எல்லோரையும் தடுத்துவிடவில்லை. 9ஆம் ராம்செஸின் 16ஆம் ஆட்சியாண்டில் அமென்ப்னூஃபர் என்ற கல்தச்சர், கூட்டாளிகளோடு ஓர் அரசரின் கல்லறையை உடைத்துத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டதாக வாக்குமூலம் கொடுத்தார். ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டு, தன் பங்குத் தங்கத்தை ஓர் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததையும் அதிலேயே சொல்கிறார்.

தலைமை அமைச்சர் என்னென்ன செய்தார்?

கிட்டத்தட்ட எல்லாமே. 3ஆம் துத்மோஸ் காலத்தில் தலைமை அமைச்சராக இருந்த ரெக்மிரேயின் கல்லறைச் சுவர்களில் அந்தப் பதவியின் கடமைகள் எழுதப்பட்டிருக்கின்றன: அரசரிடம் அன்றாடம் அறிக்கை தருவது, கருவூலத்தைக் கண்காணிப்பது, வழக்கு விசாரிப்பது, அதிகாரிகளை அனுப்புவது, வரியைப் பெறுவது. தெரிந்தவரையும் தெரியாதவரையும் ஒரே மாதிரி நடத்து என்று அரசர் அறிவுரை சொல்லும் பகுதியும் உண்டு. புதிய அரசுக் காலத்தில் வடக்குக்கு ஒருவர், தெற்குக்கு ஒருவர் என இருவர் இந்தப் பதவியில் இருந்தார்கள்.

எழுத்தர்களுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். விளையும் நிலத்தைக் கயிறு பிடித்து அளப்பது, இத்தனை மூட்டை வரி என்று குறிப்பது, களஞ்சியத்தில் வந்ததையும் போனதையும் கணக்கு வைப்பது என எல்லாம் அவர்கள் கையில். உழவர் வீட்டில் அந்த வருடம் என்ன மிஞ்சும் என்பது எழுத்தரின் கோலில்தான் இருந்தது.

மாணவர்கள் பார்த்து எழுதிப் பழகிய பாடம் ஒன்றில், கேத்தி என்ற தந்தை தன் மகன் பெப்பியைத் தலைநகரில் உள்ள எழுத்துப் பள்ளிக்குப் படகில் கூட்டிப்போகும்போது மற்றத் தொழில்களையெல்லாம் வரிசையாகத் தாழ்த்திச் சொல்கிறார். கொல்லனின் விரல்கள் முதலைத் தோல் போல, மீன்முட்டையைவிட மோசமான நாற்றம், இப்படி. இதைப் படித்துவிட்டுப் பண்டைய எகிப்தில் கொல்லன் கேவலமாக வாழ்ந்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எழுத்தர் பயிற்சிக்காக, எழுத்தர்கள் தங்களைப் புகழ்ந்து எழுதிக்கொண்ட பாடம் அது. கொல்லர்கள் தங்கள் பக்கத்தை எழுதி வைக்கவில்லை. எகிப்தின் சமூகம் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி இப்படி ஒரு தரப்பின் கையால் எழுதப்பட்டது என்பதை எப்போதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூசாரிகள் தனி வர்க்கமா?

முழுநேரத் தலைமைப் பூசாரிகள் சிலர் இருந்தார்கள். மற்றவர்கள் முறை வைத்து வந்தவர்கள். வழக்கமாக நான்கு குழுக்கள், ஒரு குழுவுக்கு ஒரு மாதம் என்று சுழற்சி. முறை வரும்போது தலை, உடல் முடியை மழித்து, நீராடி, லினன் துணி உடுத்திக் கோயிலுக்குள் போவார்கள். மாதம் முடிந்ததும் தங்கள் சொந்த வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். கடவுளுக்குப் படைத்த ரொட்டியும் இறைச்சியும் பீரும் பூசை முடிந்தபின் இவர்களுக்குப் பங்காகும். சிறிய கோயிலில் கீழ்நிலைப் பூசாரிப் பதவிக்குக்கூடப் போட்டி இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோயில்களின் செல்வம் மலைக்க வைக்கும். 3ஆம் ராம்செஸ் காலத்து நன்கொடைகளைப் பட்டியலிடும் மிக நீளமான ஒரு பாப்பிரஸ் (கோரைத் தாள்) சுருளில், தீப்ஸ் நகரின் அமூன் கோயிலுக்கு 86,486 ஆட்களும் 4,21,362 கால்நடைகளும் குறிக்கப்பட்டுள்ளன. நிலம், நம் கணக்கில் ஐந்தரை லட்சம் ஏக்கருக்கும் மேல். அரசரின் களஞ்சியத்துக்கு அடுத்து, சோறு போட்ட பெரிய களஞ்சியம் கோயிலுடையதுதான்.

உழவர்கள் வாழ்க்கை எப்படி?

நைல் பெருகும் மாதங்கள், வெள்ளம் வடிந்து விதைக்கும் மாதங்கள், அறுவடை மாதங்கள் என்று வருடம் மூன்றாகப் பிரிந்திருந்தது. மக்களில் மிகப் பெரும்பாலோர் இவர்கள். சொந்த நிலம் வைத்திருந்தவர், கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர், பெரிய பண்ணையில் கூலிக்கு நின்றவர் எல்லோரையும் 'உழவர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். 5ஆம் ராம்செஸ் காலத்து நில அளவைச் சுருள் ஒன்றில் நிலம் வைத்திருப்பவர்களாகப் படைவீரர்கள், பூசாரிகள், குதிரை லாயக்காரர்கள், மேய்ப்பர்கள், பெண்கள் எனப் பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள்.

உழவருக்கு இன்னொரு பெரிய சுமை, அரசு ஆள் எடுக்கும் கட்டாய வேலை. கால்வாய் வெட்ட, கல் இழுக்க, அரசு நிலத்தை உழ என்று அழைப்பு வரும். பணமும் செல்வாக்கும் உள்ளவர் தனக்குப் பதிலாக ஆள் அனுப்பித் தப்பலாம். இல்லாதவர் போயே ஆக வேண்டும். புதிய அரசுக்கு முந்தைய மத்திய அரசுக் காலத்துப் பாப்பிரஸ் ஒன்றில், இந்த வேலையிலிருந்து ஓடிப்போனவர்களின் பட்டியலே இருக்கிறது. ஆளுக்கு ஆள் பெயர், ஊர், வழக்கு முடிந்ததா இல்லையா என்ற குறிப்பு. ஓடியவரின் குடும்பத்தைப் பிடித்து வைத்து ஆளை வரவழைத்ததும் அதில் தெரிகிறது.

பிரமிடுகளைக் கட்டியது அடிமைகளா?

இல்லை. 1990இல் கிசாவில் வேலையாட்களின் கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிரமிடுக்குப் பக்கத்திலேயே, ரொட்டியும் பீர்ச் சாடியும் வைத்து மரியாதையோடு புதைத்திருக்கிறார்கள். எலும்பு முறிந்து, கட்டுப்போட்டு, சரியாகக் கூடியிருப்பது பல எலும்புக்கூடுகளில் தெரிகிறது. அதாவது வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அருகில் இருந்த வேலையாட்கள் குடியிருப்பில் ரொட்டிச் சூளைகளும் ஏராளமான மாட்டெலும்புகளும் கிடைத்தன.

2013இல் செங்கடற்கரையில் வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ்கள் இன்னும் நெருக்கமாகக் காட்டுகின்றன. கிசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய குஃபு அரசரின் கடைசி ஆண்டுகளில், மெரெர் என்ற மேற்பார்வையாளர் சுமார் 40 பேர் கொண்ட தன் குழுவோடு தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கிசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். இன்று எங்கே தூங்கினோம், நாளை எங்கே புறப்படுகிறோம் என்று நம் கையில் கிடைத்திருக்கும் நாட்குறிப்பு அது!

அடிமைகள் இல்லை என்றால் சுகமான வேலை என்று பொருள் இல்லை. கூப்பிட்டால் மறுக்க முடியாத வேலை. பலருக்கு முதுகெலும்பு தேய்ந்துபோயிருக்கிறது.

அப்படியானால் எகிப்தில் அடிமைகளே இல்லையா?

இருந்தார்கள், அதுவும் புதிய அரசுக் காலத்தில் நிறையவே. சிரியாவிலும், எகிப்துக்குத் தெற்கே நூபியாவிலும் நடந்த போர்களில் பிடிபட்டவர்களை அரசர்கள் கோயில்களுக்கும் வீரர்களுக்கும் பரிசாகக் கொடுத்தார்கள். விற்பதும் வாங்குவதும் நடந்தது. 2ஆம் ராம்செஸின் 15ஆம் ஆண்டில் எரெனோஃப்ரே என்ற பெண், வீட்டுக்கு வந்த வியாபாரியிடம் ஒரு சிரியச் சிறுமியை வாங்குகிறார். விலை சுமார் 370 கிராம் வெள்ளி. அதை வெள்ளியாகக் கொடுக்கவில்லை. துணிகள், வெண்கலப் பாத்திரங்கள் என்று அக்கம்பக்கத்திலும் திரட்டிக் கொடுத்திருக்கிறார். பிறகு அந்தப் பொருட்களில் சில யாருடையவை என்று வழக்கு எழுந்ததால்தான் இது நமக்குத் தெரியவருகிறது. வழக்கு பொருட்களைப் பற்றியது. அந்தச் சிறுமியிடம் யாரும் எதுவும் கேட்டதாக அந்த ஆவணத்தில் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

ஆனால் அடிமை நிலை எல்லோருக்கும் ஆயுள் முழுக்க நீடித்ததும் இல்லை. 11ஆம் ராம்செஸ் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லாத ஒரு லாய அதிகாரி, சொத்து தன் உடன்பிறந்தவர்களுக்குப் போய்விடாமல் இருக்கத் தன் மனைவியையே மகளாகத் தத்தெடுக்கிறார். அந்தத் தம்பதி ஓர் அடிமைப் பெண்ணை வாங்குகிறார்கள். அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறக்கிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு, அந்த மனைவி மூவரையும் சுதந்திர மனிதர்கள் என்று சாட்சிகள் முன்னால் அறிவித்துத் தன் பிள்ளைகளாக்கிக்கொள்கிறார். அவருடைய சொந்தத் தம்பியே அவர்களில் மூத்த பெண்ணை மணக்கிறான். ஒரே தலைமுறையில் அடிமையின் மகள் அந்த வீட்டின் மருமகளாகவும் வாரிசாகவும் ஆகிவிட்டாள்.

கைவினைஞர்கள் பற்றி மட்டும் இவ்வளவு தெரிவது எப்படி?

டெய்ர் எல்-மதீனா என்ற ஒரே ஒரு ஊரால். மன்னர்களின் பள்ளத்தாக்கில் அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டியவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த கிராமம். பாலைவன ஓரத்தில் இருந்ததால் எதுவும் மக்கிப் போகவில்லை. சாதாரணக் கிராமத்தைவிட இங்கே எழுதத் தெரிந்தவர்கள் அதிகம். சுண்ணாம்புக்கல் சில்லிலும் பானையோட்டிலும் கடன், சண்டை, காதல், சலவைக் கணக்கு என்று எல்லாவற்றையும் கிறுக்கி வைத்தார்கள்.

2ஆம் ராம்செஸின் 40ஆம் ஆண்டுக்கான வருகைப் பதிவு ஒன்று அப்படியே கிடைத்திருக்கிறது. யார் எந்த நாள் வரவில்லை, ஏன் என்று எழுதியிருக்கிறார்கள்: உடம்பு சரியில்லை, தேள் கொட்டிவிட்டது, கண் நோய், பீர் காய்ச்சப் போனான், அண்ணன் தம்பிக்கு இறுதிக்கடன்.

இவர்கள் அரசின் நேரடிச் சம்பளக்காரர்கள். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு சாக்கு எம்மர் கோதுமை (நம் கடைகளில் சம்பா கோதுமை என்று கிடைக்கிறதே, அந்த இனம்), ஒன்றரைச் சாக்கு பார்லி. இன்றைய அளவில் மொத்தம் சுமார் 420 லிட்டர். மேஸ்திரிக்கு ஏழரைச் சாக்கு. கவனியுங்கள், மேஸ்திரிக்கும் தொழிலாளிக்கும் இடையே இரண்டு மடங்கு வித்தியாசம்கூட இல்லை. அப்புறம் மீன், காய்கறி, தண்ணீர், விறகு எல்லாம் வெளியிலிருந்து வரும். தண்ணீரைக்கூடக் கழுதையில்தான் சுமந்து வர வேண்டிய ஊர் என்பதால், கழுதை நின்றால் வாழ்க்கை நின்றுவிடும்.

3ஆம் ராம்செஸின் 29ஆம் ஆண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுவில், அதுதான் நடந்தது. தானியம் வரவில்லை. மாதத்தில் பதினெட்டு நாள் போய்விட்டது, பசிக்கிறது என்று சொல்லிக் கருவிகளை வைத்துவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி வந்து 3ஆம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் 2ஆம் ராம்செஸின் கோயிலான ராமெசியம்வரை போனார்கள். பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, பாரோவுக்கு எழுதுங்கள், தலைமை அமைச்சருக்கும் எழுதுங்கள் என்று கேட்டார்கள். முந்தைய மாதப் பாக்கி வந்தது. பிறகும் தாமதம் தொடர்ந்தது, அவர்களும் திரும்பத் திரும்ப வெளியே வந்தார்கள். எழுத்து ஆதாரத்தோடு உலகில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுதான். களஞ்சியத்தை நம்பி வாழ்ந்தவர்கள், அந்தக் களஞ்சியம் ஒழுங்காகத் திறக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் தங்களுக்கு உண்டு என்று நினைத்திருக்கிறார்கள். எகிப்தியச் சமூகத்தைப் புரிந்துகொள்ள எந்தப் பிரமிடைவிடவும் இந்த ஒரு சம்பவம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெண்களின் நிலை என்ன?

சட்டத்தில் நல்ல நிலை, பதவியில் அப்படி இல்லை. நிலம், வீடு, பொருள் எல்லாம் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வழக்குப் போடலாம், சாட்சி சொல்லலாம், மணவிலக்குப் பெறலாம். டெய்ர் எல்-மதீனாவில் நவ்நக்தே என்ற முதிய பெண் 5ஆம் ராம்செஸின் மூன்றாம் ஆண்டில் சாட்சிகள் முன்னால் உயில் சொல்கிறார். தான் பாரோ நாட்டின் சுதந்திரப் பெண், எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், முதுமையில் என்னைக் கவனித்தவர்களுக்குத்தான் என் பங்கு என்கிறார். கவனிக்காதவர்களுக்கு அவருடைய சொத்தில் எதுவும் இல்லை. அவர்களின் தந்தை வழிப் பங்கை மட்டும் அவரால் தடுக்க முடியாது, அதையும் அந்த உயிலிலேயே பார்க்கலாம்.

அரசு எழுத்தர், வரி அதிகாரி போன்ற வேலைகள் ஆண்களிடமே இருந்தன. பெண்கள் நெசவு, ரொட்டி, பீர், இசை, கோயில் பணி என்று உழைத்தார்கள். பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்தில் பெசேஷெத் என்பவர் பெண் மருத்துவர்களின் மேற்பார்வையாளர் என்ற பட்டம் வைத்திருந்தார். ஹட்ஷெப்சுட் பாரோவாகவே ஆண்டார். இரண்டும் விதிவிலக்குகள்.

இது சாதி மாதிரி பிறப்பால் அமைந்ததா?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்கர் ஹெரோடோட்டஸ், எகிப்தியர் பூசாரி, போர்வீரர், மாடு மேய்ப்பவர், பன்றி மேய்ப்பவர், வணிகர், மொழிபெயர்ப்பாளர், படகோட்டி என ஏழு பிரிவுகள் என்று எழுதினார். அதை வைத்துச் சாதி என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பொருத்தமாகத் தெரியவில்லை. தந்தை வேலை மகனுக்கு என்பது பொதுவான வழக்கம், ஆசையும் அதுதான். ஆனால் பிறப்பால் கலக்கக் கூடாது, சேர்ந்து உண்ணக் கூடாது, மணக்கக் கூடாது என்று எல்லோரையும் கட்டிய சட்டம் அங்கே இல்லை. பன்றி மேய்ப்பவர்களை ஒதுக்கியதாக ஹெரோடோட்டஸ் சொல்வது உண்மைதான். அது அவர் பார்த்த பிற்காலத்துக்கு, அந்த ஒரு பிரிவுக்கு.

மேலே ஏறியவர்கள் இருக்கிறார்கள். ஹட்ஷெப்சுட்டின் வலதுகையாக, இளவரசியின் ஆசிரியராக இருந்த செனென்மூட்டின் பெற்றோருக்குச் சொல்லிக்கொள்ளும்படி பட்டமே இல்லை. மகன் உயர்ந்தபின் இறந்த தாய் ஹட்நோஃபர் தங்க முலாம் பூசிய முகமூடியோடு அடக்கம் செய்யப்பட்டார். முன்பே எளிமையாகப் புதைக்கப்பட்டிருந்த தந்தை ராமோஸின் உடலை எடுத்துவந்து அவரோடு வைத்தார்கள். எல்-காப் ஊரைச் சேர்ந்த எபானாவின் மகன் அஹ்மோஸ், படகில் போர்வீரனாகத் தொடங்கி, ஏழு முறை வீரத்துக்கான தங்கம் பெற்று, நிலமும் அடிமைகளும் பெற்றார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் பகேரி அந்த ஊரின் தலைவரானார்.

இப்படிப்பட்டவர்கள் சிலரே. உழவரின் மகன் உழவராகவே முடிந்ததுதான் மிகப் பெரும்பாலான கதை. அந்தக் கதைக்குக் கல்லறைச் சுவர் கிடைக்கவில்லை.

வெளிநாட்டவர் உயர முடிந்ததா?

முடிந்தது. நூபியாவின் மெட்ஜாய் மக்கள் காவல் படையில் பெயர் பெற்றார்கள். நூபியராகக் கருதப்படும் மைஹெர்ப்ரி அரண்மனையில் வளர்ந்து, மன்னர்களின் பள்ளத்தாக்கிலேயே அடக்கம் செய்யப்பட்டார். செமிட்டிக் (எபிரேயம், அரபி சேர்ந்த மொழிக் குடும்பம்) பெயர் கொண்ட அபெரெல் தலைமை அமைச்சராகவே இருந்தார். எகிப்திய மொழி, உடை, தெய்வங்கள் இவற்றை ஏற்றுக்கொண்டவருக்கு வழி திறந்திருந்தது.

ஏழைக்கு நீதி கிடைத்ததா?

கிடைக்க வேண்டும் என்று உரக்கச் சொன்னார்கள். அதிகாரியின் ஆளிடம் கழுதைகளைப் பறிகொடுத்த ஓர் ஏழை, ஒன்பது முறை நின்று வாதாடி வெல்லும் கதை மத்திய அரசுக் காலத்தில் விரும்பிப் படிக்கப்பட்டது. ஹோரெம்ஹெப் அரசர், எளியவர்களின் படகையோ தோலையோ பறிக்கும் அதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும் கடும் தண்டனை அறிவித்தார். மூக்கறுத்து எல்லைக் கோட்டைக்கு அனுப்புவதும் அதில் ஒன்று. இவ்வளவு கடுமையான ஆணை கல்லில் வெட்டப்பட்டது என்றால், அந்தப் பறிப்பு எவ்வளவு சாதாரணமாக நடந்திருக்கும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

செத்த பிறகும் இந்த வேற்றுமை தொடர்ந்ததா?

பணக்காரர்கள் மறுமையில் தங்களுக்குப் பதில் வயல் வேலை செய்ய ஷப்தி என்ற சிறு பொம்மைகளைக் கல்லறையில் வைத்துக்கொண்டார்கள். கட்டாய வேலைக்கு ஆள் அனுப்பும் வழக்கம் அங்கேயும் போய்விட்டது. இன்னொரு பக்கம், பாரோ அக்கெநாதன் கட்டிய அமர்னா நகரின் சாதாரண மக்களின் இடுகாடுகளைப் பாருங்கள். பலரைப் பாயில் சுருட்டி மணலில் புதைத்திருக்கிறார்கள். வடக்கு இடுகாட்டில் பெரும்பாலோர் 7 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள்; பாரம் சுமந்ததால் வந்த காயங்கள் சிறுவர்களின் முதுகெலும்பிலேயே இருக்கின்றன. அழகான அந்தத் தலைநகரை மிக வேகமாகக் கட்டியவர்களில் இவர்களும் உண்டு.

இவற்றை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

வேலைநிறுத்தப் பாப்பிரஸ் இத்தாலியின் தூரின் நகர எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டெய்ர் எல்-மதீனாவில் வாழ்ந்த மேற்பார்வையாளர் கா, அவர் மனைவி மெரித் ஆகியோரின் கல்லறை 1906இல் திறக்கப்படாமலேயே கிடைத்தது. அவர்களின் கட்டில், உடைகள், ரொட்டி எல்லாம் அதே தூரின் அருங்காட்சியகத்தில்தான். வருகைப் பதிவுக் கல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். ஹெகாநக்தின் கடிதங்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். எகிப்துக்கே போகிறவர்கள் லக்சரின் மேற்குக் கரையில் டெய்ர் எல்-மதீனாவுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். தெருவும் வீட்டுச் சுவர்களும் இன்னும் நிற்கின்றன.